சென்னை – டெல்லி ரயில் கடந்து போகும் கோண்டு நாடு

கேள்வி இது: "கோண்ட்வானா என்று சொல்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? கோண்டு மக்கள் எல்லாரும் கோண்டி மொழிதான் பேசுகிறார்களா? அது பழந்தமிழ் என்கிறார்களே, உண்மையா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோண்ட்வானா என்ற பெயரில் இன்று ஒரு மாநிலமோ மாவட்டமோ கிடையாது. கோண்டுகளில் பெரும்பாலோர் இப்போது கோண்டி பேசுவதில்லை. கோண்டி பழந்தமிழும் அல்ல, தமிழிலிருந்து பிரிந்ததும் அல்ல. தெலுங்குக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். ஆனாலும் தமிழ் தெரிந்தவர் கோண்டியைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நிலம்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனவர்கள் எல்லாருமே கோண்டு நாட்டைக் கடந்துதான் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் தெரியாமலே. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, வாரங்கலைத் தாண்டி ராமகுண்டத்துக்கும் மஞ்சிர்யாலுக்கும் நடுவே ஒரு நீளமான பாலத்தில் கோதாவரியைக் கடக்கும். அங்கிருந்து பாதையின் இரண்டு பக்கமும் கோண்டு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்லம்பல்லி, ஆசிபாபாத் ரோடு, சிர்பூர் காகஸ்நகர் என்று காடும் நிலக்கரியுமாக வரும். பிறகு வர்தா நதிப் பாலம். பாலம் முடிந்ததும் பல்லார்ஷா. சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் ஸ்டேஷனாக மட்டும் நமக்குத் தெரிந்த அந்த ஊர், சாந்தா (சந்திரபூரின் பழைய பெயர்) கோண்டு அரசர்களின் பழைய தலைநகர். அடுத்து வரும் சந்திரபூரில் அவர்கள் கட்டிய கோட்டைமதில் இன்னும் நிற்கிறது. நாக்பூர் வந்தால் அதுவும் கோண்டு ஊர்தான். தேவ்கட் அரசன் பக்த் புலந்த் ஷா 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில சிற்றூர்களைச் சேர்த்து உருவாக்கிய நகரம் அது. நாக்பூருக்கு அப்பால் ஆம்லா, பேதுல், அப்புறம் சுரங்கப்பாதைகளும் வளைவுகளுமாகச் சாத்புரா மலைச்சரிவு. மலையிறங்கி இட்டார்சியைக் கடந்து, நர்மதையைத் தாண்டினால் கோண்டு நாட்டின் மேற்குப் பகுதி முடிந்தது போல. போபாலில் ஹபீப்கஞ்ச் என்றிருந்த நிலையத்துக்கு 2021இல் ராணி கமலாபதி என்று பெயர் மாற்றினார்களே, அவரும் ஒரு கோண்டு அரசிதான்.

ஆனால் இந்த ரயில் கோண்டு நாட்டின் ஒரு ஓரத்தைத்தான் காட்டுகிறது. அதன் உடம்பு பாதைக்குக் கிழக்கே கிடக்கிறது. வடகிழக்கில் மைகல் மலைத்தொடர், அதன் முனையில் அமர்கண்டக். நர்மதை அங்கே பிறந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போகிறது. சோன் அதே மலையிலிருந்து வடக்கே இறங்கிக் கங்கையில் சேர்கிறது. மலைக்குத் தெற்கே சிவ்னி மாவட்டத்தில் வைன்கங்கை தொடங்குகிறது. அது பாலாகாட், பண்டாரா, கட்சிரோலி வழியாகத் தெற்கே வந்து வர்தாவோடு கூடிப் பிராணஹிதா என்று பெயர் மாறி, காளேஸ்வரத்தில் கோதாவரியில் விழுகிறது. இன்னும் கிழக்கே ஒடிசாவின் காலாஹாண்டியில் பிறக்கும் இந்திராவதி, சித்ரகோட்டில் அகலமான அருவியாகக் கொட்டி, சத்தீஸ்கரின் தெற்கே இருக்கும் பஸ்தரைக் கிழித்துக்கொண்டு மேற்கே ஓடி, அதுவும் கோதாவரிக்கே வருகிறது. வைன்கங்கை, பிராணஹிதா, இந்திராவதி இந்த மூன்றின் கரைகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட மலைகளையும் மனத்தில் குறித்துக்கொண்டால் கோண்டி மொழி இன்று உயிரோடு இருக்கும் இடம் ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

இந்திராவதிக்கு வடக்கே அபூஜ்மாட் என்று சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் மலைக்காடு இருக்கிறது. 'அபூஜ்' என்றால் புரியாதது, அறியப்படாதது. வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர் அது. அங்கே இருப்பவர்களுக்கு அந்த மலை நன்றாகவே தெரியும். அவர்களை வெளியார் மலை மாரியா என்பார்கள். அவர்கள் தங்களை 'மேட்டா கோய்தோர்' என்கிறார்கள். மேட்டா என்றால் மலை. நம் மேடு, மேட்டுநிலம் எல்லாம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

'கோய்தோர்' என்பதுதான் இந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். கோண்டு என்பது மற்றவர்கள் அழைத்தது. தெலுங்கில் மலையைக் குறிக்கும் 'கொண்ட' என்பதிலிருந்து வந்ததாக ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அது முடிவாக நிறுவப்பட்டதல்ல. ஆந்திர, தெலங்கானா பக்கம் கோதாவரிக் கரையில், பத்ராசலத்தைச் சுற்றி இருக்கும் கோயா மக்களின் பெயரிலும் அந்தக் 'கோய்'தான் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் கோயாவைத் தனி மொழியாக எண்ணுகிறார்கள். மொழியியலாளர் பலர் அதைக் கோண்டியின் ஒரு வடிவமாகவே பார்க்கிறார்கள்.

சரி, இவ்வளவு பெரிய நிலத்தை ஒரே அரசு ஆண்டதா என்றால் இல்லை. நான்கு அரசுகள் இருந்தன: வடக்கே கடா-மண்ட்லா, நடுவே தேவ்கட், பேதுல் பக்கம் கேர்லா, தெற்கே சாந்தா. கடா என்பது இன்றைய ஜபல்பூருக்குள் அடங்கிவிட்ட ஊர். அதன் அரசன் சங்ராம் ஷாவுக்கு 52 கோட்டைகள் இருந்ததாகச் சொல்வார்கள். அவன் மருமகள்தான் 1564இல் அக்பரின் படையோடு மோதி மாண்ட ராணி துர்காவதி. தெற்கே இருந்த அரசுகளை 18ஆம் நூற்றாண்டில் நாக்பூர் போன்ஸ்லேக்கள் விழுங்கினார்கள். முகலாயர் கால ஆவணங்களில் கோண்ட்வானா என்ற பெயர் நாட்டின் பெயராகவே வருகிறது. பிரிட்டிஷ்காரர்கள் 1861இல் 'மத்திய மாகாணம்' என்று அதற்கு ஒரு பெயரை ஒட்டினார்கள். கோண்ட்வானா வரைபடத்திலிருந்து நழுவ ஆரம்பித்தது அங்கேதான்.

மிச்சத்தை 1956 முடித்தது. மொழிவழி மாநிலம் என்ற கொள்கை நமக்கெல்லாம் நன்மை செய்தது. கோண்டுகளுக்கு நேர்மாறாகப் போனது என்பது என் கருத்து. ஆதிலாபாத் தெலுங்கு மாநிலத்துக்குப் போனது. சந்திரபூரும் நாக்பூரும் மராத்திப் பக்கம் போயின. மண்ட்லா, பேதுல், பஸ்தர் எல்லாம் இந்தி பேசும் மத்தியப் பிரதேசத்துக்கு. கோராபுட் ஏற்கெனவே ஒடிசாவில் இருந்தது. 2000இல் சத்தீஸ்கர், 2014இல் தெலங்கானா என்று இன்னும் இரண்டு கோடுகள். ஒவ்வொரு மாநிலத்திலும் கோண்டி ஒரு மூலையில் கிடக்கும் மொழி, எந்த மாநிலத்துக்கும் அது சொந்த மொழி இல்லை. தனி கோண்ட்வானா மாநிலம் வேண்டும் என்ற குரல் எழாமல் இல்லை. அதற்காகவே 1991இல் கோண்ட்வானா கணதந்திரக் கட்சி தொடங்கப்பட்டது. 2003 மத்தியப் பிரதேசத் தேர்தலில் 3 இடங்கள் பிடித்தார்கள். அதைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை.

இப்போது எண்களைப் பாருங்கள். 2011 கணக்குப்படி கோண்டு மக்கள் சுமார் 1.3 கோடி பேர். மத்தியப் பிரதேசத்தில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல், சத்தீஸ்கரில் 42 லட்சத்துக்கு மேல். தங்கள் தாய்மொழி கோண்டி என்று பதிந்தவர்கள் சுமார் 29.8 லட்சம். கோயா என்று பதிந்த 4 லட்சத்தைச் சேர்த்தாலும் நான்கில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறது. மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள்? ராய்ப்பூரைச் சுற்றியுள்ள சமவெளியில் சத்தீஸ்கரி. நர்மதைப் பள்ளத்தாக்கில் இந்தியும் அதன் வட்டார வழக்குகளும். விதர்பாவின் பல ஊர்களில் மராத்தி. ஒடிசாவின் மேற்கில் ஒடியா. அகலமான பள்ளத்தாக்கு, நெல் விளையும் சமவெளி, உழவர் குடியேற்றம், சந்தை, சாலை என்று வந்த இடங்களில் மொழி கரைந்திருக்கிறது. மலையும் காடும் மறித்த இடங்களில் தங்கியிருக்கிறது. இது முழுக்கச் சரியான விதி இல்லைதான். பேதுல், சிந்த்வாடா போன்ற சாத்புரா மேட்டுநிலங்களில் ரயிலும் ரோடும் வந்து நூறாண்டு ஆகியும் கோண்டி கேட்கிறது. ஆனால் வரைபடத்தை முதல் தடவை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவும்.

பஸ்தரில் இன்னொரு விஷயம் நடந்தது. அங்கே அரசவையிலும் வாரச்சந்தையிலும் பொதுமொழியாக இருந்தது ஹல்பி. இந்தோ-ஆரிய மொழிதான், ஆனால் மராத்தி, ஒடியா, சத்தீஸ்கரி மூன்றின் சாயலும் உண்டு. கொண்டாகாவ் பக்கத்து முரியா என்ற கோண்டுப் பிரிவினரில் பலர் வீட்டிலேயே ஹல்பிக்கு மாறிவிட்டார்கள். இந்திராவதிக்குத் தெற்கே தண்டாமி மாரியா என்ற இன்னொரு பிரிவினரிடம் கோண்டி நிலைத்தது. காட்டெருமைக் கொம்பு வைத்த தலைப்பாகையோடு ஆடும் படங்களில் நாம் பார்ப்பது அவர்களைத்தான். அங்கே ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: பாஸ்தானார், பால்னார். 'நார்' என்றால் கோண்டியில் ஊர். தமிழ் நாடும் அந்த நாரும் ஒரே வேரில் பிறந்தவை. நமக்கு அது தேசம் அளவுக்குப் பெருத்துவிட்டது, அவர்களுக்கு ஊரளவிலேயே நின்றது.

கோண்டு நிலத்தில் கோண்டி மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஆதிலாபாத்திலும் யவத்மாலிலும் பக்கத்துக் குன்றில் கோலாமி பேசுபவர்கள் இருப்பார்கள். அது திராவிட மொழி, ஆனால் வேறு கிளை. பஸ்தரின் துர்வா மக்கள் பேசும் பர்ஜியும் அப்படியே. பேதுலிலிருந்து மேற்கே மேல்காட் வரை கொர்கு கேட்கும். அது முண்டா குடும்பம், அதாவது சந்தாலியின் உறவு, திராவிடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னும் மேற்கே புல்டாணா பக்கம் சில ஊர்களில் நிஹாலி என்று ஒரு மொழி இருக்கிறது. அதை எந்தக் குடும்பத்திலும் சேர்க்க முடியாமல் அறிஞர்கள் திணறுகிறார்கள்.

இனி உறவு விஷயம். திருநெல்வேலி இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் பட்டியலைப் போட்டபோதே கோண்டு மொழியையும் அதில் சேர்த்தார். அதன் சரியான இடத்தைக் காட்டியவர் மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. 1961இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தெலுங்கும் கோண்டி, ஒடிசாவின் குயி முதலியவையும் ஒரே கிளை என்று நிறுவியது. ஆக, தமிழுக்கு மலையாளம் எப்படியோ அவ்வளவு நெருக்கமில்லை என்றாலும், தெலுங்கின் சொந்தக்காரர்களைத் தேடினால் காட்டுக்குள் இருக்கும் கோண்டியிடம்தான் போக வேண்டும். இலக்கணத்திலும் அது தெரியும். தெலுங்கில் 'அதி' என்பது அவளுக்கும் அதற்கும் பொது அல்லவா? கோண்டியிலும் அவன் என்பதற்கு 'வோர்', அவளுக்கும் அதற்கும் சேர்த்து 'அத்'. தமிழில் மூன்றும் தனித்தனி.

எண்களைக் கேளுங்கள்: உந்தி, ரண்ட், முண்ட், நாலுங், சையுங், சாருங், ஏருங். ஏழு வரை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. ஆனால் ஐந்திலும் ஆறிலும் அந்த 'ச' எங்கிருந்து வந்தது? வரவில்லை, முதலிலிருந்தே இருந்தது. மூலத் திராவிடத்தில் சொல் முதலில் இருந்த சகரத்தைத் தமிழ் பல சொற்களில் எழுத்து வருவதற்கு முன்பே தொலைத்துவிட்டது. கோண்டி வைத்துக்கொண்டிருக்கிறது. 'பழந்தமிழ்' என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தமிழிலிருந்து வந்த மொழியில் தமிழ் தொலைத்தது எப்படி இருக்கும்?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் உப்பு. அதற்கும் ஆதியில் சகரம் இருந்தது. கோண்டியில் உப்பு 'சோவர்'. மேற்கிலும் வடக்கிலும் போனால் சோவர். பஸ்தருக்குள் வந்தால் பல இடங்களில் 'ஹோவர்'. மலை மாரியாவிடமும் கோயாவிடமும் போனால் 'ஓவர்'. ச, ஹ, பிறகு ஒன்றுமில்லை. தமிழில் எப்போதோ நடந்து முடிந்த ஒரு மாற்றம் இங்கே நிலத்தின் மேல் பரப்பி வைத்தது போல இருக்கிறது. மேற்கிலிருந்து தென்கிழக்கே நடந்தால் கண்முன் பார்க்கலாம். கிருஷ்ணமூர்த்தி இதை வைத்தே ஒரு மாற்றம் சொல் சொல்லாகப் பரவுவது எப்படி என்று எழுதினார். அந்த உப்பு கடற்கரையிலிருந்து பஸ்தருக்கு வந்ததும் ஒரு கதை. பஞ்சாராக்கள் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டுப் பொருளுக்குப் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். எடைக்கு எடை உப்புக் கொடுத்துச் சாரைப்பருப்பு வாங்கிப் போன வியாபாரிகளைப் பற்றி அந்தப் பக்கம் இன்றும் கசப்போடு பேசுவார்கள்.

வீட்டுக்கு 'லோன்' அல்லது 'ரோன்' என்பார்கள். கேட்டால் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். நம் 'இல்' தான் அது. உயிரும் மெய்யும் இடம் மாறிவிட்டன. அந்தக் கிளையின் வழக்கம் அது.

கடவுளுக்கு 'பேன்'. பெரிய கடவுள் 'பெர்சா பேன்'. பெர்சா என்பது நம் பெரு, பெரிய. பேன் என்பது எதன் உறவு தெரியுமா? பேய். ஒரே வேர், அங்கே கும்பிடப்படுகிறது, இங்கே விரட்டப்படுகிறது. நம் ஊர் எல்லைகளில் பேய்ச்சியம்மன் என்று கும்பிடுவதை நினைத்தால் இங்கேயும் முழுக்க விரட்டிவிடவில்லை என்று தோன்றுகிறது.

ஆதிலாபாத் கோண்டுகளின் குலப் பிரிவுகள் இன்னும் அழகு. நால்வென், சிவென், சர்வென், ஏர்வென் என்று நான்கு 'சகா'க்கள். முறையே 4, 5, 6, 7 தெய்வச் சகோதரர்களின் வழிவந்தவர்கள். ஒரே சகாவுக்குள் கல்யாணம் கிடையாது. நால்வர், ஐவர், அறுவர், எழுவர் என்று நாம் மனிதரை எண்ணும் அதே வகைச் சொற்கள். இந்தக் குலக்கதைகளை மனப்பாடமாகப் பாடி வருபவர்கள் பர்தான்கள். அவர்களுக்கு வீட்டில் மராத்தி, பாட்டுக்குக் கோண்டி என்பது பல இடங்களில் நிலைமை.

கோண்ட்வானா என்றதும் நம்மவர்கள் சிலர் குமரிக்கண்டத்துக்குப் போய்விடுகிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. 1870களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் இந்த நிலத்தின் பாறை அடுக்குகளுக்குக் கோண்ட்வானா என்று பெயரிட்டார்கள். அதே வகைப் பாறையும் தாவரப் புதைபடிவங்களும் தென் கண்டங்களில் கிடைத்ததால் எட்வர்ட் சூயஸ் என்ற புவியியலாளர் 1885இல் அந்தப் பழைய பெருநிலத்துக்குக் கோண்ட்வானா நிலம் என்று பெயர் வைத்தார். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே உடைந்துபோன நிலம் அது. அதில் எந்த மொழியும் பேசப்படவில்லை. ஆனால் அந்தப் பாறைகள் கோண்டுகளை விடவில்லை. இந்திய நிலக்கரியில் ஏறக்குறைய முழுவதும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வேறு, அது மிகவும் இளையது). வர்தா, பிராணஹிதா, கோதாவரிப் பள்ளத்தாக்கு நெடுகச் சுரங்கம் வந்தது, சுரங்க ஊர் வந்தது, ஊரோடு தெலுங்கும் மராத்தியும் இந்தியும் வந்தன.

எழுத்து விஷயத்தில் கோண்டி கொஞ்சம் திண்டாடுகிறது. பாலாகாட்டைச் சேர்ந்த மங்கள்சிங் மசராம் 1918இல் ஒரு எழுத்தை உருவாக்கினார். 2006இல் ஆதிலாபாத் மாவட்டத்துக் குஞ்சாலா கிராமத்தில், பர்தான்கள் வைத்திருந்த காகிதக் கையெழுத்துப் படிகள் கிடைத்தன. அவற்றில் முற்றிலும் வேறொரு எழுத்து. இரண்டும் 2017, 2018இல் அடுத்தடுத்து யூனிகோடில் ஏறிவிட்டன. நடைமுறையில் பெரும்பாலோர் எழுதுவது தேவநாகரியில். தெலங்கானாவில் தெலுங்கு எழுத்தில். பேதுல்காரரும் ஆதிலாபாத்காரரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. பேச்சிலும் மண்ட்லாக்காரருக்கு மலை மாரியா பேசுவது எளிதில் புரியாது. அதனால்தான் 2014 முதல் பல மாநிலக் கோண்டுகள் கூடி உட்கார்ந்து பொதுச்சொற்களைத் தேர்ந்தெடுத்து, 2018இல் ஒரு பொது அகராதியை வெளியிட்டார்கள்.

மொழிகளைப் பட்டியலிடும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் கோண்டி இல்லை. 2011 கணக்கில் டோக்ரி சுமார் 26 லட்சம், மணிப்பூரி சுமார் 17.6 லட்சம், போடோ சுமார் 14.8 லட்சம். மூன்றும் அட்டவணையில் உண்டு, மூன்றையும்விடக் கோண்டி பெரியது. அந்த மொழிகளுக்கு இடம் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்குப் பின்னால் ஒரு மாநிலமோ, ஒரு தன்னாட்சிப் பகுதியோ, ஒரே இடத்தில் திரண்ட வாக்குகளோ இருந்தன. கோண்டி ஆறு மாநிலங்களில் சிதறிக் கிடக்கிறது.

நேரில் கேட்க வேண்டும் என்று ஆசையிருந்தால் தை அமாவாசையை ஒட்டி ஆதிலாபாத் பக்கம் கேஸ்லாபூருக்குப் போங்கள். நாகோபா ஜாத்ரா நடக்கும். மெஸ்ராம் குலத்தார் கால்நடையாகவே கோதாவரிக்குப் போய், நீர் எடுத்துக்கொண்டு, பல நாள் நடந்து திரும்பி, அந்த நீரால் நாகோபாவுக்குப் பூசை செய்வார்கள். தெலங்கானா, மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் ஜனம் வந்து சேரும். ஹைதராபாத்திலிருந்து ஆதிலாபாத்துக்கு பஸ் உண்டு, அங்கிருந்து உட்னூர் ரோட்டில் இந்திரவெல்லி, பக்கத்திலேயே கேஸ்லாபூர். கூட்டத்தில் நின்று உப்பு என்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். யார் எந்த ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று ஓரளவுக்கு ஊகித்துவிடலாம்.